பகல் புள்ளிகள்

கோட்டி, அதாவது பைத்தியம், பிடிப்பதில் ஒரு வசதி உண்டு. அது பிடித்த விவரம் நமக்குத்தான் கடைசியில் தெரியவரும். பழவங்காடி ஜங்ஷனில் பூ விற்கிற அக்கா, ஆட்டோக்காரர்கள், எதிர்த்த செருப்புக்கடைக்காரர் எல்லாருக்கும் தெரிந்து ஒரு வாரம் கழிந்துதான் எனக்குச் சொன்னார்கள். நான் அதுவரை, இந்த ஊரிலேயே நான் ஒருத்தன்தான் தெளிவாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் முருகேசன். ஊர் தென்காசிப் பக்கம், பிழைக்க வந்தது இந்த மலையாள நாட்டுக்கு. ஜங்ஷனை ஒட்டிய சந்தில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். மூன்றாம் வகுப்பை இரண்டு தடவை படித்தேன், அதனால் யாராவது கேட்டால் ஆறாம் வகுப்பு என்று சொல்லுவேன்.

கோட்டி வந்தபோது ஐந்து நாள் எனக்குத் தூக்கமே இல்லை. களைப்பும் இல்லை. மாவு பிசைகிற கை நிற்கவில்லை, வாய் அதைவிட நிற்கவில்லை. ஆறாம் நாள் காலை கணபதி கோவிலுக்குத் தேங்காய் உடைக்கப் போனேன். நேர்ந்துகொண்டவர்கள் அங்கே வரிசையாக நின்று உடைப்பார்கள். என் பெண்டாட்டி பேச்சி பேருக்கு ஒன்று உடைத்தேன். முதலாளி பேருக்கு ஒன்று. பிறகு பரோட்டாக் கல் பேருக்கு, மைதா மூட்டை பேருக்கு, ஆம்லேட் திருப்புகிற கரண்டி பேருக்கு. பின்னால் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள். ஒருத்தர் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போனார்.

செல்வம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அண்ணே, மதி, போதும். கடையில ஆளு காத்து நிக்குது."

"அவங்க பேருக்கும் உடைக்கணும்லா? விடுல."

"தேங்காய் தீந்துட்டுண்ணே."

கையைப் பார்த்தேன். காலிதான். அடுத்து எதை உடைக்கலாம் என்று மனசு தேடியது. என் மண்டை உருண்டையாக, கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது என்று அது சொன்னது. அந்தக் குரல் என் குரல் மாதிரியே இருந்தது. அதைத்தான் இன்றுவரை நினைத்துப் பயப்படுகிறேன்.

செல்வம் எங்கள் கடை டீ மாஸ்டர். என்னைவிட ஆறு வயது இளையவன். விதுராவுக்கு மேலே மலையில் ஒரு எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டின வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா அம்மா கொழுந்து பறித்தவர்கள், இரண்டு பேரும் இப்போது இல்லை. கடைக்குப் பின்னாலிருக்கிற அறையில் தனியாக இருந்தான். அதிகம் பேசமாட்டான். நான் ஜோக் சொன்னால் எல்லாரும் சிரித்து முடித்து, மூன்று எண்ணுகிற நேரம் கழித்துச் சிரிப்பான். "டே, உனக்கு மட்டும் ஜோக் பஸ் பிடிச்சு வருதா?" என்பேன். அதற்கும் மூன்று எண்ண வேண்டும்.

அவனும் பேச்சியும்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். காத்திருக்கிற பெஞ்சில் பேச்சி அழுதுகொண்டிருந்தாள், நான் அக்கம்பக்கத்தாரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "பாரியைக்கு எத்தற நாளா இப்படி?" பெண்டாட்டிக்குத்தான் வியாதி என்று நினைத்துவிட்டார். நானும் வருத்தமாகத் தலையை ஆட்டினேன்.

பெரிய டாக்டர் அரைமணி நேரம் கேட்டுவிட்டு வியாதியின் பெயரைச் சொன்னார். பைப்போலார். மனசு ஒரு காலம் ஓட்டுக்கு மேலே ஏறி நின்று கூவும், இன்னொரு காலம் கிணற்றுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். நடுவில் சாதாரணமாகவும் இருக்கும், அதனால் போய்விட்டது என்று ஏமாந்துவிடக் கூடாது என்றார்.

"ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் போட்டாத்தான் டாக்டர் பரோட்டா வேகும்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு பக்கம் உண்டு முருகேசா. அது வரும்," என்றார்.

வந்தது. வார்டில் சேர்ந்த இரண்டாம் வாரம் கிணற்றுக்குள் இறங்கினேன். அதைப்பற்றி ஜோக் சொல்லத் தெரியவில்லை. நாக்கு கனத்தது. சோற்றுத் தட்டு யாரோ எனக்குக் கொடுத்த தண்டனை மாதிரி இருந்தது. எண்ணெய் தேய்த்து பேச்சி என் தலையை வாரிவிடுவாள். என் தலையில் வாரிவிட இருப்பதே கொஞ்சம்தான், அதை அரைமணி நேரம் வாருவாள். செல்வம் தினமும் காலையில் கடை திறக்கும் முன்னால் பஸ் ஏறி ஃப்ளாஸ்க்கில் டீ கொண்டுவருவான். ஊற்றித் தருவான், பத்து நிமிடம் உட்காருவான், போய்விடுவான். ஒரு நாள்கூட "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டதில்லை. அது அப்போது பெரிய உபகாரமாக இருந்தது. அவனிடமும் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

லித்தியம் என்று ஒரு மாத்திரை. கொஞ்சம் குறைந்தால் வேலை செய்யாது, கொஞ்சம் கூடினால் விஷம். அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். ஆரம்பத்தில் என் கை நடுங்கியது. இந்தக் கையால் பரோட்டா வீசினால் அது கல்லில் விழும் முன்னே கொத்துப் பரோட்டா ஆகிவிடும் என்றேன். நர்ஸ் சிரித்தார். கிணற்றிலிருந்து மேலே வருகிறேன் என்று அன்றுதான் பேச்சிக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு விடுகிற வாரத்தில் அஞ்சனா மேடம் வந்தார். அவர் மருந்து டாக்டர் இல்லை, கணக்கு டாக்டர். மனசு நாளுக்கு நாள் மாறுவதைக் கணக்குப்போட்டுப் பார்க்கிற படிப்பு. என் போனில் ஒன்றை ஏற்றிக்கொடுத்தார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, நினையாத நேரத்தில் அது கத்தும். "இந்த நிமிடம் உங்கள் மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்கும். ஒன்றிலிருந்து ஏழு வரை ஒரு எண்ணை அமுக்க வேண்டும். பேச ஆள் இருக்கிறதா, எதையாவது எதிர்பார்த்திருக்கிறீர்களா என்று இன்னும் இரண்டு மூன்று கேள்விகள். பத்து நிமிடத்துக்குள் அமுக்காவிட்டால் கேள்வி போய்விடும். நிறையப் போனால் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள்.

"சேட்டா, இது பரீட்ச அல்ல. இதுல சரி, தப்பு ஒண்ணும் இல்ல. அந்த நிமிஷம் மனசுல என்ன இருக்கோ அதைப் போட்டா மதி, கேட்டோ?"

"எல்லாத்துக்கும் ஏழு போட்டா பிரைஸ் உண்டா மேடம்?"

"மறுபடி அட்மிஷன் உண்டு," என்றார். இவர் பரவாயில்லை என்று நினைத்தேன்.

அந்த எண்களை வைத்து என்ன செய்வீர்கள் என்று பேச்சி கேட்டாள். மேடம் ஒரு பேப்பரில் மூன்று கட்டம் வரைந்தார். மேல் அறை, நடு அறை, கீழ் அறை. ஆள் எந்த அறைக்குள் இருக்கிறார் என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தம்தான் எண்கள். அதை வைத்துக் கம்ப்யூட்டர், இப்போது இந்த அறையில் இருப்பார், நாளைக்கு அந்த அறைக்குப் போக வாய்ப்பு இவ்வளவு என்று ஊகிக்கும். இன்னொன்றும் பார்க்கும். எல்லார் மனசும் இறங்கும். பெண்டாட்டி திட்டினால் இறங்கும், மழை பெய்தால் இறங்கும். இறங்கினது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் முக்கியம். திரும்பி வருகிற நேரம் கூடிக்கொண்டே போனால், பெரிய விழுகை ஒன்று பக்கத்தில் வந்து நிற்கிறது என்று அர்த்தம்.

எனக்கு உடனே புரிந்தது. நன்றாகப் பிசைந்த மாவில் விரலால் அழுத்தினால் குழி மெல்ல மேலே வரும். கெட்டு நீர்த்துப்போன மாவில் குழி அப்படியே நிற்கும். இதற்கு எதற்கு மேடம் கம்ப்யூட்டர், ஒரு பரோட்டா மாஸ்டர் போதுமே என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே அறிவான பேச்சு அது. அதை வைத்து ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பினேன். ஐந்து கத்தலில் காலையில் ஒன்றும் இரவு சாப்பாட்டுக்கு முன் ஒன்றும் வீட்டில் கத்தும்; பேச்சி வாசிப்பாள், நான் அமுக்குவேன். நடு மூன்றும் கடையில். கடையில் என் கை முழங்கைவரை எண்ணெயும் மாவும். போனைத் தொட்டால் வழுக்கும். தொட்டாலும் நான் எழுத்துக்கூட்டிக் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். அதனால் போனைச் செல்வத்தின் டீ மேசைமேல் வைத்துவிடுவேன். அவன் பத்தாவது வரை படித்தவன்.

கத்தும்போது அவன் சத்தமாக வாசிப்பான். "இந்த நிமிடம் உங்கள் மனம் எப்படி இருக்கிறது? எத்தற போடணும்ணே?"

"அஞ்சு போடுல."

"பேசுவதற்கு ஆள் இருக்கிறதா?"

"இந்தா இருபது பேர் பரோட்டா பரோட்டான்னு பேசிக்கிட்டுதான இருக்கான். ஏழு போடு."

முதல் சில நாள் இப்படி. கூட்டம் ஏற ஏற முதலாளி கத்த ஆரம்பித்தார். "இது ஹோட்டலா, மன ஆஸ்பத்திரியா? கஸ்டமர் எல்லாம் இவன் மனசு எத்தறன்னு கேட்டுட்டா சாப்பிடணும்?" எனக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த தடவை போன் கத்தியபோது, கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்:

"ஏல செல்வம், இனி கேக்காத. நீயே பாத்துப் போடு."

அவன் பாய்லருக்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு எண்ணை அமுக்க அவ்வளவு நேரம் ஏன் என்று நினைத்தேன். ஆர்டர் வந்தது, மறந்துவிட்டேன்.

ஒரு மாதத்துக்கு மேல் போனது. நான் நன்றாக இருந்தேன். நான் நன்றாக இருந்ததுதான் எல்லாக் கெடுதலுக்கும் காரணம். என்னைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. செல்வம் தன் ரேடியோவை எனக்குக் கொடுத்தான். "வீட்டுல வச்சுக்கங்கண்ணே, நான் கேக்கறதில்ல." அடுத்த வாரம், பிரிக்காத புது லுங்கி. பிறகு, பேச்சிக்கு அவன் அம்மாவுடைய பித்தளைத் தூக்குவாளி. "டே, என்னல, எனக்குச் சீர் செய்யுதியா? மாமியார் வீட்டுல போடாததெல்லாம் நீ போடுத," என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கல்லில் பரோட்டாவைத் திருப்பினேன், எண்ணெய் ஊற்றினேன், அடித்துப் பிரித்தேன். அப்போதும் செல்வம் சிரிக்கவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உடனே வரணும், பெண்டாட்டியையும் கூட்டி வரணும்.

போனோம். பெரிய டாக்டரும் அஞ்சனா மேடமும் இருந்தார்கள். கம்ப்யூட்டரில் என் மனசு ஓடிக்கொண்டிருந்தது. சின்னச் சின்னப் புள்ளிகள், நாளுக்கு ஒன்று; அன்றைய ஐந்து எண்ணை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது. முதலில் ஐந்து, ஐந்து. அப்புறம் நாலு. நாலு மூன்றாகி, மூன்றிலேயே இரண்டு நாள் நின்றது. பிறகு இரண்டு. பிறகு ஒன்று, ஒன்று, ஒன்று. குழி விழுந்து, திரும்பி வரவே இல்லை. கடைசி ஒரு புள்ளி மட்டும், முந்தின நாளுடையது, தனியாக மேலே நின்றது. ஆறு.

"அது ஏறிட்டுல்லா?" என்று பேச்சி அந்த ஆறைக் காட்டினாள்.

டாக்டர் தலையை ஆட்டினார். "அதுதான் எனிக்குப் பயம். இவ்வளவு நாள் கீழ கிடந்த ஆளுக்கு ஒரேயடியா சமாதானம் வந்தா, ஏதோ ஒண்ணைத் தீர்மானிச்சாச்சுன்னும் இருக்கலாம். முருகேசா, எங்கிட்ட மறைக்காதே. என்ன தீர்மானிச்சிருக்கே?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். நான் நல்லாத்தான் இருக்கேன்."

"தேங்கா உடைச்சப்பவும் இதையேதான் சொன்னீங்க," என்றாள் பேச்சி. என் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னைப் பாத்துச் சொல்லுங்க. எதுக்கு அந்த ரேடியோவ வீட்டுக்குக் கொண்டாந்தீங்க? எனக்குப் பொழுது போகவா? நீங்க இல்லாம?"

வாயைத் திறந்தால் ஜோக்தான் வரும் என்று பெயர் எடுத்தவன் நான். நிஜத்தைச் சொன்னாலும் ஜோக் மாதிரியே கேட்கிறது. அட்மிஷன் சீட்டை டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எனக்குத் தெரியாமல் நான் கீழ் அறையில் இருக்கிறேனோ? முதல் தடவையும் எனக்குத் தெரியவில்லையே?

அஞ்சனா மேடம் மட்டும் ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு நாளையும் ஐந்து புள்ளியாக விரித்து, நேரப்படி இரண்டு நிறமாகப் பிரித்தார். காலையும் இரவும் பச்சை, பகல் சிவப்பு. பச்சைப் புள்ளி ஒரு நாள் இரண்டுக்கு இறங்கியிருந்தது. அன்று நானும் பேச்சியும் சண்டை. மறுநாள் காலை ஐந்துக்கு வந்துவிட்டது. எல்லாக் குழியும் மேலே வந்திருந்தது. சிவப்பு மட்டும்தான் கீழே போய்க்கொண்டிருந்தது.

"சேட்டா," என்றார். "ஒரு ஆளு தினமும் மூணு தடவ மாறி வேற ஆளா ஆக முடியாது. பகல்ல இது கத்தும்போ நீங்க எவிடெயா நிக்கறது?"

"கல்லுல. பரோட்டா போட்டுக்கிட்டு."

"கையில மாவு?"

"முழங்கை வரைக்கும்."

"பின்னே, யாரு அமுக்கறது?"

ரேடியோ, லுங்கி, தூக்குவாளி எல்லாம் வரிசையாக என் கண்முன் வந்து நின்றன.

"செல்வம்," என்றாள் பேச்சி.

கடைக்குப் போன் போட்டேன். முதலாளி எடுத்தார். "அவன் லீவுடே. நாட்டுல வீடு நோக்கணும்னு காலையிலே போயி. இன்னைக்கு நல்ல சந்தோஷமாட்டு இருந்தான். எல்லாருக்கும் டீ அவன் செலவு."

ஊரில் அவனுக்கு வீடு கிடையாது. இடிந்த லயமும் காடும்தான் உண்டு.

அவன் நம்பருக்குப் போட்டேன். முழுசாக அடித்து நின்றது. மறுபடி. மூன்றாம் தடவை எடுத்தான். பின்னால் பஸ் உறுமுகிற சத்தம்.

"என்னண்ணே?"

டாக்டர் கையைக் காட்டிப் பேசு பேசு என்றார். எனக்குப் பேச வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை. அப்போதுதான் பேச்சியின் மடியில் இருந்த அவள் போன் எதுவோ ஒரு மெசேஜுக்குக் கத்தியது. அந்தச் சத்தத்தில் எனக்கு வேறு எல்லாம் மறந்து, ஒன்றே ஒன்று ஞாபகம் வந்தது.

"செல்வம். இந்த நிமிடம் உங்கள் மனம் எப்படி இருக்கிறது?"

பின்னால் ஒரு கண்டக்டர் விசில் அடித்தார்.

"ஒண்ணுலேருந்து ஏழு வரைக்கும்ல. சொல்லு."

"ஆறுண்ணே."

"அந்த ஆறு வேண்டாம். பாய்லருக்குப் பின்னால நின்னு அமுக்குவியே, அதச் சொல்லு."

பஸ் போய்விட்டது. யாரோ பாலோடு என்கிற ஊருக்குச் சவாரி கூப்பிட்டார்கள். நான் எண்ணினேன். முப்பது வரை எண்ணியிருப்பேன்.

"ஒண்ணு," என்றான்.

"எங்கல நிக்க?"

"விதுரா ஸ்டாண்டுல. மேல போற பஸ்ஸு இன்னும் வரல."

"வந்தா ஏறாத. எனக்குச் சத்தியம் பண்ணு. அங்கேயே ஒரு டீ வாங்கிக் குடி, அது எவ்வளவு கேவலமா இருக்குன்னு எனக்குச் சொல்லிக்கிட்டே இரு. போனை வைக்காத."

டாக்டர் விதுரா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பச் சொன்னார். அஞ்சனா மேடம் கார்ச் சாவியை எடுத்தார். வழியில் நெடுமங்காடு தாண்டுகிறவரை நான் பேசிக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரிந்த ஜோக் எல்லாம் தீர்ந்து, சொன்னதையே சொன்னேன். நாங்கள் போகும்போது ஒரு நர்ஸ் அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். டீ ஆடை கட்டிக் கிடந்தது. மலைக்குப் போகிற பஸ் எதிரில் ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

"ஏம்ல என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீங்கதான பாத்துப் போடச் சொன்னீங்க?"

"என் மனசப் பாத்துல்ல போடச் சொன்னேன்!"

"உங்க மனசு எனக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றான். "எனக்குத் தெரிஞ்ச மனசத்தான் போட்டேன். மனசு எப்படின்னு ஒருத்தரும் எங்கிட்ட கேட்டதில்ல."

இப்போது அவன் நான் இருந்த அதே வார்டில் இருக்கிறான். இரண்டு கட்டில் தள்ளி. நான் காலையில் கடைக்கு முன்னால் பஸ் ஏறிப் போய் ஃப்ளாஸ்க்கில் டீ ஊற்றித் தருகிறேன். நான் போட்ட டீ. குடிக்கிறான், அதுவே பெரிய தைரியம். அவன் போனிலும் மேடம் அதை ஏற்றிக்கொடுத்திருக்கிறார். கத்தும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கடையில் என் போன் கத்தினால் கை கழுவிவிட்டுத்தான் வருகிறேன். கல்லில் ஒன்று கருகும். முதலாளி கத்துவார். கருகட்டும்.

அபாயம் தீர்ந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். "இல்லை," என்றார்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அதனால் நான் என் வழியில் பார்க்கிறேன். தினமும் டீ ஊற்றிவிட்டு ஒரு ஜோக் சொல்கிறேன். பிறகு மனசுக்குள் எண்ணுகிறேன். முதல் நாள் அவன் சிரிக்கவே இல்லை. நேற்று பதினொன்று எண்ணியபோது உதடு ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்தது. சிரிப்பா, வலியா என்று தெரியவில்லை. பழைய கணக்கு மூன்று.

இன்றைக்கு இன்னும் போகவில்லை. ஃப்ளாஸ்க்கை மூடி வைத்திருக்கிறேன். பேச்சி செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். சொல்வதற்கு ஒரு ஜோக்கும் கையில் இல்லை.